உச்சிப்புளி தோப்பு ஷெட்டுல என் கேரவன்: பதினாலு மாசம் கழிச்சு ஒரு ரிவியூ

மொதல்லயே சொல்லிர்றேன், இது பெரிய பார்க்கிங் யார்டு எல்லாம் கெடயாது, போர்டு கூட இல்ல. உச்சிப்புளில மெயின் ரோட்ட விட்டு கடல் பக்கமா உள்ள போனா ஒரு தென்னந்தோப்பு, அதுக்குள்ள தகர ஷெட்டு, நாலு வண்டி நிக்கிற எடம், அவ்வளவுதான். மாசம் 2,500 ரூபா. தோப்புக்காரர் வீடு ஷெட்ல இருந்து முப்பது அடி. இந்த முப்பது அடிக்குத்தான் நான் காசு குடுக்கிறேன்னு எனக்கு வெளங்கவே ஒரு வருஷம் ஆச்சு.

என் வண்டி டெம்போ டிராவலர் பாடில கட்டுன கேரவன். உள்ள ரெண்டு பெட்டு, சின்ன அடுப்பு, ஃபிரிட்ஜு, கூரைல சோலார், சீட்டுக்கு அடில லித்தியம் பேட்டரி. ஆர்.சி.ல மோட்டார் கேரவன்னே போட்டிருக்கு. நான் இருக்கிறது சென்னை, அபார்ட்மென்ட்ல பைக் நிறுத்தவே சண்டை, இத எங்க நிறுத்துறது. அதனால சொந்த ஊரு ராம்நாட் பக்கமே விட்டுட்டு வருஷத்துல ரெண்டு மூணு தடவ வந்து எடுத்துக்கிட்டு கெளம்புறது. மீதி பத்து மாசம் வண்டி சும்மா நிக்கும், திருடனுக்கு அதுதான வேணும்.

இதுக்கு முன்னாடி ஈசிஆர் ஓரமா சொந்தக்காரங்க காலி பிளாட்ல நிறுத்தியிருந்தேன். சுத்தி முள்வேலி, கேட்டுக்கு பூட்டு, ஸ்டீயரிங்குக்கு ஒரு பூட்டு. வண்டிய யாரும் தூக்கிட்டு போயிருவாங்களோன்னுதான் பயந்தேன். ஆனா நம்ம பக்கம் இவ்வளவு பெரிய வண்டிய எடுத்துட்டு எங்கிட்டு போவான்? மதுரைக்கு போகணும்னா போகலூர், திருப்பாச்சேத்தின்னு டோல்கேட்டு, ஃபாஸ்டேக்ல காசு கழிஞ்சா எனக்கு மெசேஜ் வந்துரும். நம்மூரு திருடன் அத்தனை மெனக்கெட மாட்டான். துண்டு துண்டாத்தான் எடுப்பான். லீவுக்கு வந்து பாத்தா வண்டி நிக்குது, பூட்டெல்லாம் பத்திரமா இருக்கு, ஆனா ஸ்டெப்னி இல்ல, ஸ்டார்ட்டிங் பேட்டரி இல்ல, டேங்க்ல டீசல் இல்ல, பக்கவாட்டு கண்ணாடிய நெம்பி உள்ள போயி இன்வெர்ட்டரையும் கேஸ் சிலிண்டரையும் எடுத்துட்டு போயிருக்கான். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்குனதோட சரி. இன்சூரன்ஸ்ல கேட்டா, கம்பெனில இருந்து வராம நாமளா மாட்டுன எலக்ட்ரிக் சாமானெல்லாம் பாலிசில தனியா எழுதியிருக்கணுமாம். நான் எழுதல. இப்ப எழுதியிருக்கேன், அந்த சாமானோட மதிப்புல 4 சதவீதம் கூடுதலா பிரீமியம் வாங்குனாங்க. கேரவன் வச்சிருக்கிறவங்க இத படிச்சதும் உங்க பாலிசிய ஒருக்கா எடுத்துப் பாருங்க.

அதுக்கப்புறந்தான் 2024 செப்டம்பர்ல இந்த தோப்புக்கு வந்தேன். வரும்போதே ஆன்லைன்ல 2,800 ரூபாய்க்கு மஞ்சக் கலர்ல ஒரு வீல் கிளாம்ப் வாங்கிட்டு வந்து முன் டயர்ல மாட்டி, பாக்கவே கம்பீரமா இருக்குன்னு நாலு போட்டோ வேற எடுத்துக்கிட்டேன். தோப்புக்கார அண்ணன் அத ஒரு பார்வ பாத்துட்டு, "தம்பி, இது எத்தன நாளைக்கு தொறக்கும்?" அப்படின்னார். பூட்டப் பாத்து எத்தன நாளைக்கு பூட்டியிருக்கும்னு கேக்காம எத்தன நாளைக்கு தொறக்கும்னு கேக்குறாரேன்னு எனக்கு அப்ப சிரிப்பு வந்துச்சு.

ரெண்டே மாசம். 2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா. உச்சிப்புளி பக்கம் அந்தளவு இல்ல, ஆனா தோப்பு தாழ்வு, சாயங்காலம் ஷெட்டுக்குள்ள தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. அண்ணன் போன் பண்றார், வண்டிய எடுத்து ரோட்டு மேட்டுல விடணும்னு. வண்டி சாவி ஒண்ணு, கிளாம்ப் சாவி ஒண்ணு அவர்கிட்ட இருக்கு. கிளாம்ப் சாவி உள்ள போகுது, திரும்ப மாட்டேங்குது. உப்புக்காத்தும் மழையும் சேந்து உள்ள இருக்கிற மெல்லிசு ஸ்பிரிங்க அப்படியே பிடிச்சு வச்சிருச்சு. சுத்தியல வச்சு தட்டிப் பாத்தாங்க, எண்ணெய ஊத்திப் பாத்தாங்க, கடைசில சாவி பாதில முறிஞ்சிருச்சு. நான் சென்னைல உக்காந்து வீடியோ கால்ல பாத்துக்கிட்டு இருக்கேன், தண்ணி டயர்ல எத்தன விரக்கட ஏறுதுன்னு அவர் எண்ணிச் சொல்லிக்கிட்டே இருக்கார். கரண்டு வேற இல்ல. பக்கத்துல வெல்டிங் பட்டறை பையன் பேட்டரி கிரைண்டர எடுத்துட்டு மழைல வந்து அறுத்தான். நாலு நிமிஷம். எண்ணி நாலே நிமிஷம்.

அந்த நாலு நிமிஷத்துல எனக்கு ரெண்டு விஷயம் ஒறைச்சுச்சு. 2,800 ரூபா பூட்டு, கைல மெஷின் இருக்கிறவனுக்கு நாலு நிமிஷ சோலிதான். ஆனா வண்டிக்கு சொந்தக்காரன் எனக்கு அது மூணு மணி நேர சோலியா இருந்திருக்கு. அதனால அந்த கிளாம்ப்புக்கு என் மார்க் அஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் மஞ்சக் கலருக்கு, ஏன்னா தூரத்துல இருந்து பாக்கிறவன் இங்க சுலபம் இல்ல போலன்னு நெனச்சு திரும்பிப் போறதுக்கு வாய்ப்பு இருக்கு. பிராண்டு பேர சொல்லல, எல்லாமே ஒரே எடத்துல வார்த்து வேற வேற ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரிதான் எனக்கு தெரியுது.

இப்ப என்ன மாட்டியிருக்கேன்னா, ராம்நாட்ல ஒரு பட்டறைல சொல்லி செஞ்ச கனமான இரும்பு சங்கிலி, பின் வீல் ரிம்முக்குள்ள நுழைச்சு சேசிஸோட சேத்து ஒரு பூட்டு. பூட்டு பித்தள பாடி, கொக்கி வெளிய அதிகம் தெரியாத டைப்பு, கட்டர் நுழைய எடம் இருக்காது. ஸ்டெயின்லெஸ்னு சொல்லி விக்கிறதெல்லாம் ஒண்ணு இல்லீங்க, சமையக்கட்டு பாத்திரத்துல வர்றது 304, அது கடலோரத்துல ஆறு மாசத்துல டீ ஊத்துன மாதிரி கறை பிடிக்கும். 316னு ஒண்ணு இருக்கு, அதுல மாலிப்டினம் சேத்திருப்பாங்க, உப்புக்கு அதுதான் தாங்கும், வெலயும் தாங்க முடியாது. நான் போல்ட்டு நட்டு மட்டும் அதுல போட்டேன்.

பூட்டப் பராமரிக்கிற வித்தைய சொல்லிக் குடுத்தது மண்டபத்துல ஒரு மீனவர் அண்ணன். தடைக்காலம், ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு விசைப்படகு கரைலதான நிக்கும், அப்ப எஞ்சின பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தார், டீ குடிக்கப் போன எடத்துல பேச்சு ஓடுச்சு. சாவி ஓட்டைக்குள்ள கிரீஸோ தேங்கா எண்ணெயோ விடவே கூடாதாம், மணலப் பிடிச்சு வச்சு அரைக்குமாம். பென்சில் கூர பொடியாக்கி ஊதி விடணும், கிரீஸ் வெளிப்பக்கம் கொக்கிக்கு மட்டும். சைக்கிள் டியூப வெட்டி பூட்டுக்கு மேல சட்ட மாதிரி மாட்டிரணும். கேக்க சாதாரணமா இருக்கு, ஆனா இந்த வருஷம் ஆடி மாச கச்சான் காத்து மொத்தமும் அடிச்சு ஓஞ்சப்புறம் வந்து சாவிய போட்டேன், டக்குனு தொறந்துச்சு, நெசமாவே ஆச்சரியப்பட்டேன்.

அவர்கிட்டயே, "நீங்க வள்ளத்து மோட்டாருக்கு என்ன பூட்டு போடுறீங்க"ன்னு கேட்டேன். "பூட்டா? கழட்டி தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு போயிருவோம்ல" அப்படின்னார்.

அன்னிக்கே போயி லித்தியம் பேட்டரிய கழட்டி அம்மா வீட்டு பீரோ பக்கத்துல கொண்டு போயி வச்சேன். அம்மா ஒரு வாரம் அது வெடிச்சிரும்னு அந்த ரூம்லயே படுக்கல. கேஸ் சிலிண்டர், இன்வெர்ட்டர், ஃபிரிட்ஜு எல்லாம் அங்கதான். வண்டி கர்ட்டன முழுசா தொறந்தே விட்டுட்டேன், எட்டிப் பாக்கிறவனுக்கு காலி சீட்டு தெரியணும். முன்னாடி மூடி வச்சிருந்தேன், மூடி வச்சா உள்ள என்னமோ இருக்குன்னுதான தோணும். சோலார் பேனல மட்டும் கழட்டல, அதுக்கு முறுக்குனா தல ஒடிஞ்சு விழுற போல்ட்டு போட்டாச்சு, ஸ்பேனர் பிடிக்காது.

ஜி.பி.எஸ் பத்தி நெறய பேர் கேக்குறீங்க. வயர் டைப்பு ஒண்ணு டேஷ்போர்டுக்கு பின்னாடி வச்சிருக்கேன். நல்லதுதான், ஆனா வாங்குறதுக்கு முன்னாடி மூணு நாலு விஷயம் தெரிஞ்சுக்கங்க. வெல கம்மியா வர்ற டிராக்கர் பாதிக்கு மேல 2ஜி, அதுல ஜியோ சிம் போட்டா வேலையே செய்யாது, ஜியோல 2ஜி கெடயாது. நான் மொதல்ல ஜியோவ போட்டுட்டு டிராக்கர் பழுதுன்னு திருப்பி அனுப்பி ஒரு மாசம் வீணா போச்சு. அப்புறம் சாதா சிம்ம ரீசார்ஜ் பண்ண மறந்தா அது பாட்டுக்கு செத்துரும், 13 இலக்க நம்பரோட மெஷினுக்குன்னே வர்ற சிம் இருக்கு, வருஷத்துக்கு சேத்து கட்டிரலாம். அடுத்தது பேட்டரி. என் டிராக்கர் சும்மா இருக்கும்போதே 25 மில்லி ஆம்ப் இழுக்குது, ஒண்ணுமில்லன்னு நெனச்சேன், கணக்கு போட்டா ஒரு நாளைக்கு 0.6 ஆம்ப்-அவர், ரெண்டு மாசத்துல 36. ஸ்டார்ட்டிங் பேட்டரில மூணுல ஒரு பங்குக்கு மேல அதுவே குடிச்சிருது, மீதிய வண்டியோட மத்த எலக்ட்ரானிக்ஸ் குடிக்கும். ஜனவரில வந்தப்ப செல்ஃப் அடிக்கவே இல்ல.

கூரைல சோலார் இருக்கேன்னு கேப்பீங்க. ஷெட்டு தகரக் கூரைக்கு அடில நிக்கிற வண்டிக்கு சோலார் எதுக்கு? இதுதான் இந்த எடத்தோட பெரிய சிக்கல், கூரை இருக்கிறதால உப்பும் வெயிலும் மழையும் அவ்வளவா படாது, ரோட்ல போறவன் கண்ணுக்கும் தெரியாது, ஆனா அதே கூரை சோலாரையும் கொல்லுது, ஜி.பி.எஸ் சிக்னலையும் கொல்லுது. பேட்டரிக்கு தோப்புக்கார அண்ணனோட மகன் வழி பண்ணிட்டான், ஷெட்டு மேல சின்னதா ஒரு 20 வாட்ஸ் பேனலும் கன்ட்ரோலரும் வச்சு வயர் இறக்கி விட்டிருக்கான், தனியா 1,800 வாங்குனான், குடுத்தேன். வண்டில ஒரு மறைவு சுவிட்சும் போட்டிருக்கு, அத அணைச்சா மொத்த வண்டிக்கும் கரண்டு கட், டிராக்கருக்கு மட்டும் அதுக்கு முன்னாடியே வயர் எடுத்தாச்சு.

சிக்னல் கதை தனி காமெடி. மார்ச் மாசம், ராத்திரி 2.40. டிராக்கர்ல நான் போட்டு வச்ச எல்லைய வண்டி தாண்டிருச்சுன்னு போன் அலறுது. எந்திரிச்சு மேப்ப பாத்தா வண்டி பாக் விரிகுடால கரைல இருந்து கொஞ்ச தூரத்துல மெதுவா மெதக்குது. பொண்டாட்டி பாத்துட்டு "தலைமன்னாருக்கா போகுது"ங்கிறா. எனக்கு சிரிப்பு வரல, அண்ணனுக்கு போன் போட்டேன். ரெண்டாவது ரிங்குல எடுத்தார். கைலியோட டார்ச்ச எடுத்துக்கிட்டு போயி வண்டிய சுத்தி வந்து நாலு சக்கரத்தையும் போட்டோ எடுத்து அனுப்பிட்டு, "தம்பி, இங்கதான் நிக்கிது, நீங்க படுங்க" அப்படின்னார். தகரத்துக்கு அடில சிக்னல் சரியா கெடைக்காம லொகேஷன் தாவியிருக்கு. அதுக்கப்புறம் எல்லைய 50 மீட்டர்ல இருந்து 300 மீட்டரா மாத்துனேன், பொய் அலாரம் நின்னுச்சு. கூடவே அசைவு அலாரத்தையும் போட்டு விட்டேன், அதுக்கு சேட்டிலைட் தேவையில்ல, வண்டி குலுங்குனாலே மெசேஜ் வரும்.

ஏர்டேக்கு மாதிரி சின்ன டேக் போட்டா போதாதான்னு ஒருத்தர் கேட்டார். ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன்தான், பேட்டரி ஒரு வருஷம் கிட்ட வருது. ஆனா அது பக்கத்துல போற ஐபோன் வழியாத்தான் எடத்த சொல்லும், உச்சிப்புளி தோப்புக்குள்ள ஐபோனோட நடக்கிறது யாரு? கடைசியா பாத்தது பதினோரு நாளுக்கு முன்னாடின்னு காட்டும். வண்டி ராமேஸ்வரம் மாதிரி கூட்டமான எடத்துக்கு போனா உதவும். திருடன் கைல ஐபோன் இருந்தா உங்கூட யாரோட டேக்கோ வருதுன்னு அவனுக்கே மெசேஜும் குடுத்துரும், அதையும் மனசுல வச்சுக்கங்க.

சரி எடத்துக்கு வர்றேன். கேமரா ரெண்டு இருக்கு, அண்ணன் மகன் 4ஜி சிம் போட்டு எனக்கும் லிங்க் குடுத்திருக்கான். சொல்லிக்கிற மாதிரி இல்ல. மூணு வாரத்துல கண்ணாடில உப்பு படிஞ்சு மார்கழி பனி மாதிரி ஆயிரும், ராத்திரி லைட்டுக்கு பூச்சி வரும், பூச்சிக்கு சிலந்தி வரும், விடிய விடிய சிலந்திக் காலத்தான் பாக்கணும். வாரம் ஒருக்கா ஈரத்துணில தொடைங்கன்னு சொல்லிருக்கேன், நான் ஊருக்கு வர்றதுக்கு மொத நாளு மட்டும் தொடைக்கிறாங்கன்னு நெனைக்கிறேன். இதுக்கு மார்க் கொறைக்கிறேன்.

ஆனா நாய் ரெண்டு, அதுக்கும் மேல மயிலு. தோப்புல பத்து பதினஞ்சு மயிலு அடையுது, ராத்திரி புது ஆளு உள்ள வந்தா நாய்க்கு முன்னாடி அதுதான் கத்தும். மதினி, அண்ணனோட வீட்டம்மா, அவங்களுக்கு மயில் கத்துற தினுச வச்சே பாம்பா ஆளான்னு தெரியும்ங்கிறாங்க. சோதிச்சுப் பாக்கல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு டிராக்டர். என் வண்டி மூக்கு சொவத்த ஒட்டி நிக்கும், பின்னால குறுக்க அவரோட டிராக்டர கொண்டாந்து நிறுத்தி, சாவிய வீட்டுக்குள்ள மாட்டிருவார். டிராக்டர எடுக்காம என் வண்டி வெளிய வராது, டிராக்டர எடுத்தா தெருவுக்கே கேக்கும். இதுக்கு ஈடா ஒரு பூட்டு எந்த கடைலயும் கெடயாது. என்ன, புரட்டாசி ஐப்பசில மழைய நம்பி நெல்லு வெதைக்கிற நாள்ல டிராக்டர் வயக்காட்டுல கெடக்கும், ஷெட்டு பின்பக்கம் தெறந்து கெடக்கும். அதே நாள்லதான் மாசம் ஒருக்கா வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகட்டுறதையும் மறந்துருவார், டயர் ஒரே எடத்துல அமுங்கி நின்னு போன தடவ நாப்பது கிலோமீட்டர் ஓட்டுற வரைக்கும் தட தடன்னு அடிச்சுச்சு. எலியும் ஒரு தடவ ஹெட்லைட் வயர கடிச்சிருச்சு.

சாவி ஒண்ணு அவர்கிட்ட குடுத்திருக்கேன்னு சொன்னேன்ல, அதுக்கு நண்பர்கள் திட்டுறாங்க. வண்டி திருடு போனா இன்சூரன்ஸ்காரங்க ஒரிஜினல் சாவி ரெண்டையும் கேப்பாங்க, ஒண்ணு இல்லன்னா நம்மள குடைவாங்க, அது உண்மை. அதனால சாவிய கவர்ல போட்டு ஒட்டி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, எதுக்காக குடுத்திருக்கேன்னு ஒரு தாள்லயும் எழுதி வச்சிருக்கோம். அந்த நவம்பர் ராத்திரி சாவி சென்னைல இருந்திருந்தா எஞ்சின்ல தண்ணி போயிருக்கும். திருடனுக்கு பயந்து கடலுக்கு குடுக்கிறதா?

பக்கத்து இடத்துல கோயம்புத்தூர்காரர் ஒருத்தர் இழுத்துட்டு போற டிரெய்லர் கேரவன் நிறுத்தியிருக்கார். அவருக்கு பயம் ஜாஸ்தி, நியாயந்தான், டிரெய்லருக்கு சாவியும் வேணாம் எஞ்சினும் வேணாம், கொக்கிய மாட்டுனா இழுத்துட்டு போயிரலாம். அதனால கொக்கில ஒரு பூட்டு போட்டு, சக்கரம் ரெண்டையும் கழட்டிட்டு ஹாலோ பிளாக் மேல ஏத்தி வச்சிட்டு போயிட்டார். திருட முடியாது, ஒத்துக்கிறேன். ஆனா அடுத்த மழைக்கு அத யார் தூக்குறதுன்னு அண்ணன் இப்பவே பொலம்புறார். சக்கரத்தையாவது அண்ணன் வீட்டுலயே விட்டுட்டு போங்கன்னு சொல்லியும் கேக்கல, கார்ல போட்டு கோயம்புத்தூருக்கே கொண்டு போயிட்டாராம்.

மொத்தத்துல ஷெட்டுக்கு அஞ்சுக்கு நாலு. கேமராவுக்கும் டயருக்கும் சேத்து ஒண்ணு கொறச்சாச்சு. உங்க வண்டி பத்தடி ஒசரத்துக்கு மேல இருந்தா வேணாம், நுழையிற எடத்துல ஒரு புளிய மரக்கெள தாழ்வா கெடக்கு, அண்ணன் அத வெட்ட மாட்டார், கேட்டுப் பாத்தாச்சு. தை மாசத்துல இருந்து வாடகை 3,000னு சொல்லிட்டார். நான் பேரம் பேசல, டிராக்டர் வயக்காட்டுல இருக்கிற நாள்ல அந்த எடத்துல மாட்டு வண்டியையாவது குறுக்க போடுங்கண்ணேன்னு மட்டும் கேட்டிருக்கேன், பாப்போம்னார்.